சொல் விளக்கம்: ஓசையடங்கு, அதிரோசைச் சேதம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், வார இறுதியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதைமாந்தராக ஆடும் மேசை விளையாட்டை விளையாடும் பிள்ளைகளிடம் தமிழில் எழுதிய மந்திரப் பட்டியல் ஒன்று கைமாறிக்கொண்டிருக்கிறது. தமிழில் எழுத முனைந்ததற்கு மனமார்ந்த பாராட்டு. ஆனால் சைலன்ஸ் என்ற மந்திரத்துக்கு ‘மௌனம்’ என்றும், தண்டர் டேமேஜ் என்ற சேத வகைக்கு ‘இடிச் சேதம்’ என்றும் அதில் போட்டிருக்கிறது. இரண்டும் தவறு. இந்தச் சொற்களை நம்பி, மௌனத்துக்குள் நிற்கிறவனை மின்னல் ஒன்றும் செய்யாது என்று மேசையில் அடித்துப் பேசுகிறார்கள்.

மௌனம், ‘முனி’ என்ற வடசொல்லடியாகப் பிறந்தது. பேசத் தெரிந்தவர் பேசாமல் இருப்பது அது. மௌன விரதம், மௌனம் சம்மதம் எல்லாம் ஆளைப் பற்றிய பேச்சு. இந்த மந்திரமோ இடத்தின்மேல் போடுவது. 2014 விதிநூல்படி, 120 அடிக்குள் ஒரு புள்ளியைக் குறித்தால், அதைச் சுற்றி 20 அடி ஆரமுள்ள உருண்டைக்குள் எந்த ஓசையும் பிறக்காது, வெளி ஓசை அதைக் கடந்தும் போகாது. போட்டவர் கவனம் சிதறாமல் பிடித்திருந்தால் 10 நிமிடம் வரை நிற்கும். ஒரு கட்டம் 5 அடி என்று கணக்கு வைத்த ஆட்டத் தாளில் குறுக்கே 8 கட்டம். உள்ளே நாய் குரைத்தாலும், வாள் கல்லில் விழுந்தாலும் சத்தமில்லை. முழுதாக உள்ளே இருப்பவருக்குக் காது கேட்காது, தண்டர் சேதமும் படாது. வாயால் உச்சரிக்க வேண்டிய மந்திரத்தை அங்கே போட முடியாது. பிறர் மந்திரத்தை முறிக்கும் கவுண்டர்ஸ்பெல் போல, கைச்சைகை மட்டும் போதுமானதைப் போடலாம். ‘மௌனம்’ என்று படித்தவனுக்கு வாய் மட்டும்தான் நினைவுக்கு வரும்.

‘நிசப்தம்’ பொருளால் சரி, ஆனால் தானாக நிலவும் நிலையைச் சொல்கிறது. ஒருவர் கொண்டுவந்து போடுவதை அல்ல. குறுந்தொகையின் 6ஆம் பாட்டில் பதுமனார் நள்ளிரவைச் சொல்லும்போது, ‘சொல்லவிந்து இனிதடங்கினரே மாக்கள்’ என்கிறார். பேச்சு அவிந்து ஊரே அடங்கிப்போகிறது. அந்த ‘அவி’ இன்று கிழங்கு அவிப்பதோடு நின்றுவிட்டது. ‘அடங்கு’ உயிரோடு இருக்கிறது. ‘ஊர் அடங்கின நேரம்’ என்று லயத்துப் பாட்டிகள் சொல்வதும் அதுதான், ‘ஊரடங்கு’ என்பதும் அதுதான். ஊரடங்கு ஓர் இடம் முழுவதற்கும் போடப்படுவது. போட்டவர் எடுத்தால் நீங்குவது. அதே அச்சில் ‘ஓசையடங்கு’ என்றால் மந்திரத்தின் வேலை சொல்லிலேயே தெரிகிறது. ‘ஓசையடக்கம்’ வேண்டாம், அடக்கம் என்றால் இங்கே பலருக்கு முதலில் நல்லடக்கம்தான் தோன்றும்.

இனி இடி. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் இந்தச் சேதத்துக்குப் பெயர் சோனிக், அதாவது ஓசை சார்ந்தது. 2008இல் நான்காம் பதிப்பு அதைத் தண்டர் ஆக்கியது, 2014 பதிப்பும் அப்படியே வைத்துக்கொண்டது. மின்னலுக்கு லைட்னிங் என்று தனிச் சேதம் உண்டு. மலாய்க்காரர்களுக்கும் சிக்கல் இல்லை: முழக்கம் குரூஹ், ஒளி கிலாட், விழுந்து தாக்குவது பெத்தீர். தமிழில் முழங்குவதும் இடி, விழுவதும் இடி. செம்பனையின் உச்சி கருகி நின்றால் தோட்டத்தில் ‘இடி விழுந்திருச்சு’ என்றுதான் சொல்வோம். கருக்கியது மின்னலின் மின்சாரம். ஆகவே ‘இடிச் சேதம்’ என்று படிக்கும் தமிழ்ப் பிள்ளை மின்னல் சேதத்தை நினைப்பதில் அவன் குற்றம் ஏதுமில்லை. லைட்னிங் போல்ட் என்ற மின்னல் மந்திரம் 100 அடி நீளத்துக்குப் பாய்ந்து 8 ஆறுமுகப் பகடை அளவு அடிக்கும், சராசரி 28 புள்ளி. ஓசையடங்கு அதில் ஒரு புள்ளியைக்கூடத் தடுக்காது.

‘இடி என்றாலே மோதல்தானே, மா இடிக்கிறோம், சுவர் இடிகிறது, வேர்ச்சொல் பொருந்துகிறதே’ என்று வாதிடுகிறார்கள். வேர் பொருந்துவதுதான் ஆபத்து. தடியால், சுத்தியலால் அடிப்பதற்கும் இந்த ஆட்டத்தில் தனிச் சேதம் இருக்கிறது. லாரி வந்து இடித்தது என்று நாம் சொல்வது அந்த வகை. ஒரே சொல் மூன்று சேதத்துக்கு இழுபட்டால் விதி எப்படி நிற்கும்?

தூய சொல் வேண்டுமென்று ‘உருமு’ என்பாரும் உண்டு. இடியைக் குறிக்கும் பழஞ்சொல், அழகான சொல். ஆனால் மலேசியக் காதில் அது உறுமி மேளமாகத்தான் விழும். அந்த மேளத்தையே நினைத்துப் பாருங்கள். பக்கத்தில் நின்றால் சட்டைத் துணி நடுங்கும், நெஞ்சுக்கூட்டுக்குள் குத்தும். காது கேட்பதற்கும் அப்பால் ஓசை உடம்பைத் தள்ளுகிறது. விதிநூல் சொல்லும் சேதம் அதுதான்: அதிரும் ஓசையின் மோதல். அதனால் ‘அதிரோசை’. ‘அதிரொலி’ என்றால் பேச்சில் ‘எதிரொலி’ ஆகிவிடும். ‘சேதம்’ வடசொல் என்று சிலர் தடுப்பார்கள். அதை எல்லோரும் அறிவார்கள், இருந்துவிட்டுப் போகட்டும்.

வெறும் ‘ஒலிச் சேதம்’ போதாதா? போதாது. ஆட்டத்தில் பாணர்கள் போடும் விஷியஸ் மாக்கரி என்ற கேலி மந்திரம், 2014 விதிப்படி காதால் கேட்டால்தான் பலிக்கும், ஆனால் அது தருவது மனச் சேதம். ஓசையடங்குக்குள் நிற்பவருக்குக் காது கேட்காததால் அது பலிக்காமல் போகிறது. காரணமே வேறு. ‘ஒலிச் சேதம்’ என்றால் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள்.

இந்தக் குழப்பமெல்லாம், அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்து ஒட்டிவிடும் பழக்கத்தால் வருகிறது. கடுமையாக விழும் அடியான கிரிட்டிகல் ஹிட்டை ‘விமர்சன அடி’ என்றும், ஆபத்திலிருந்து தப்பப் பகடை உருட்டும் சேவிங் த்ரோவை ‘சேமிப்பு வீச்சு’ என்றும் எழுதியிருக்கிறார்கள். வங்கியில் போடுவதுதான் சேமிப்பு. இங்கே ஆள் தன்னைக் காத்துக்கொள்கிறான், ‘தற்காப்பு வீச்சு’ என்றால் முடிந்தது. விதியின் பத்தியை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுச் சொல் தேடினால் இப்படி ஆகாது.

பட்டியலைத் திருத்தும்போது எல்லையையும் எழுதுங்கள். ஆளோ பொருளோ முழுதாக உள்ளே இருந்தால்தான் அதிரோசைச் சேதம் படாது. அதிரோசையால் உடைக்கும் ஷாட்டர் மந்திரத்தை வெளியிலிருந்து உள்ளே ஏவினாலும் அங்கிருக்கும் பானை உடையாது. 10 அடி அகலமுள்ள பெரிய விலங்கின் ஒரு கட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சேதம் முழுதாக விழும். அதிரோசை அலையை ஏவும் தண்டர்வேவ் மந்திரத்தில் இரண்டு வேலை உண்டு, 2 எண்முகப் பகடைச் சேதமும் 10 அடி தள்ளுதலும். விதி விலக்குவது சேதத்தை மட்டும். தற்காப்பு வீச்சில் தோற்றவன் ஓசையடங்குக்குள் காயமில்லாமல் நின்றாலும் 10 அடி தள்ளப்படுவான்.