ஸ்தோத்திரம் சொல்லியும் மனம் ஆறாதபோது

மதுரையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வருகிற கிறிஸ்தவர்களில் பலர் தூக்கம் வரவில்லை, பசி எடுக்கவில்லை என்பதையெல்லாம் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கடவுளுக்கு நன்றி சொல்லித் துதிக்கும் ஸ்தோத்திரத்தைப் பற்றி ஒன்றைச் சொல்வதற்கு மட்டும் குரல் தாழ்ந்துவிடும்: "எனக்கு ஸ்தோத்திரம் பண்ணவே வரல மேடம்."

உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர். (ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கணவருக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முதல் பஸ்ஸைப் பிடித்து மதுரைக்கு வர வேண்டும். அதற்கும் முன்னால் எழுந்து 'ஆயிரம் ஸ்தோத்திரம்' என்ற துதி வரிகள் புத்தகத்தை ஒரே மூச்சில் வாசித்து முடித்துவிடுவார்.

"வாய் சொல்லுது, மனசு பூட்டிக் கிடக்கு. ஜெபக்கூட்டத்துல, 'உன்னைவிட மோசமா எத்தனை பேர் இருக்காங்க, அதை நினைச்சு நன்றி சொல்லு'ங்கிறாங்க. கோவம் வருது. அப்புறம் கோவப்பட்டுட்டோமேன்னு அழுகை வருது."

அந்தக் கோபம் நியாயமானது என்று சொன்னேன். அடுத்தவரோடு தன்னை ஒப்பிட்டு நன்றி சொன்ன ஒருவரை வேதத்திலேயே பார்க்கலாம். லூக்கா 18இல் இயேசு சொன்ன கதையில் வரும் பரிசேயன்தான் அது, மதச் சட்டங்களைக் கறாராகக் கடைப்பிடிக்கிறவன். மற்ற மனுஷரைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் (வரி வசூலிப்பவன்) தான் இல்லை என்று ஸ்தோத்திரம் செய்தவன். நீதிமானாக வீடு திரும்பியது அவன் இல்லை, மார்பில் அடித்துக்கொண்டு நின்ற ஆயக்காரன்.

அடுத்து எல்லாரும் எடுக்கிற வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18, "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்". சிறுநீரகம் பழுதானதற்கே நன்றி சொல் என்று இதற்கு அர்த்தம் பண்ணிவிடுகிறோம். 'எல்லாவற்றிலேயும்' என்றால் அந்த நிலைமைக்குள் இருந்துகொண்டே என்றுதான் நான் படிக்கிறேன். எபேசியர் 5:20 'எல்லாவற்றிற்காகவும்' என்கிறதே என்று ஒரு சபை மூப்பர் என்னை மடக்கினார். சரிதான். ஆனால் இந்த இரண்டு வசனங்களையும் எழுதிய அதே பவுல், நண்பர் எப்பாப்பிரோதீத்து சாகக் கிடந்து பிழைத்தபோது, "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி தேவன் தனக்கு இரங்கினார் என்று பிலிப்பியர் 2:27இல் எழுதுகிறார். துக்கத்தை துக்கம் என்றே சொல்ல அவர் கூச்சப்படவில்லை. நாம்தான் கூச்சப்படுகிறோம்.

அப்படியானால் நன்றியுணர்வை எப்படி வளர்ப்பது? லூக்கா 17இல் இயேசுவால் பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், ஒரு சமாரியன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்தான். பிரசங்கங்களில் மற்ற ஒன்பது பேருக்கு விழும் திட்டுதான் அதிகம். எனக்குப் பிடித்தது அந்த ஒருவனைப் பற்றிய சின்னச் சொல்: தான் ஆரோக்கியமானதைக் "கண்டு". முதலில் கண்டான், பிறகு திரும்பினான், சத்தமெல்லாம் அதற்கப்புறம். நாம் சத்தத்தில் ஆரம்பிக்கிறோம்.

அக்காவிடம், "நேத்து நடந்ததுல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எங்கே, யார், என்ன செஞ்சாங்க" என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. சேலை முந்தானையின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"கோரிப்பாளையத்துல ஆட்டோவை விட்டு இறங்கும்போது இவருக்குக் கால் நடுங்குச்சு. அந்தத் தம்பி வண்டியை ஆஃப் பண்ணிட்டு வந்து தோளைப் பிடிச்சுக்கிட்டாரு. நாங்க கேக்கல."

"அவர்கிட்ட நன்றி சொன்னீங்களா?"

"இல்ல மேடம். அப்ப அது தெரியவே இல்ல."

தினம் இப்படி ஒன்றை நோட்டில் எழுதச் சொன்னேன், பெயரோ இடமோ இல்லாமல் எழுதக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. எம்மன்ஸ், மெக்கல்லா என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை எழுதி வந்தவர்களின் மனநிலை, எரிச்சல்களை எழுதியவர்களுடையதைவிட நன்றாக இருந்தது. தசைநரம்பு நோயுள்ளவர்களையும் அவர்கள் சேர்த்திருந்தார்கள். ஐந்து வரை எழுதலாம் என்பது அவர்கள் கணக்கு. களைத்துப்போன மனுஷிக்கு ஒன்று போதும் என்பது என் கணக்கு.

கிராமத்துச் சபைகளில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாக வருவதும் இதே மாதிரிதான். 'சகல ஆசீர்வாதங்கள்' என்று யாரும் கொண்டுவருவதில்லை. ஒரு பூசணிக்காய், காலைக் கட்டிய ஒரு சேவல், கூடை முட்டை. அதை ஏலத்தில் சந்தை விலைக்கு மேல் எடுக்கிறவரின் சிரிப்பைப் பார்க்க வேண்டும்!

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், 'செத்தால் தேவலை' என்ற நினைப்பும் வந்தால் அதை நன்றிகெட்டதனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416, தமிழிலும் பேசலாம். அடிக்கிற கணவனோடு இருக்கும் பெண்ணிடம் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லாதீர்கள். முதலில் அவளைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோங்கள்.

அக்கா மூன்றாம் முறை வந்தபோது நோட்டைக் காட்டினார். ஆட்டோத் தம்பிக்கு நன்றி சொன்னது, ஊசி குத்தும் முன் "லேசா வலிக்கும்ணே" என்ற நர்ஸ், பக்கத்து வீட்டிலிருந்து வந்த ரசம். நடுவில் ஒரு நாள்: "இன்னைக்கு ஒண்ணும் இல்ல. சங்கீதம் 13."

'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று தொடங்குகிற சங்கீதம் அது. "இதை எழுதலாமா மேடம்?" என்றார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டாம் என்றேன்.