காலித் துப்பாக்கியும் ஆள்காட்டி விரலும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த என் பெரியப்பாவிடம் உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. காட்டுப்பன்றிக்காக வாங்கியது என்பார். நான் அறிந்தவரை அது பீரோவை விட்டு வெளியே வந்தது தேர்தல் காலங்களில்தான். தேர்தல் அறிவிப்பு வந்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்படி ஒருமுறை நானும் உடன் சென்றிருந்தேன். மேசையில் வைத்த துப்பாக்கியைப் பார்த்து அங்கிருந்த காவலர், “காலிதானுங்களே?” என்றார். “காலிதான், போன வருஷமே எடுத்து வெச்சாச்சு” என்றார் பெரியப்பா. காவலர் அந்தப் பதிலைக் காதில் வாங்காதவர்போலக் குழலை ஆளில்லாத சுவர்ப்பக்கம் திருப்பி, மேலிருந்த நெம்பைத் தள்ளி மடக்கித் திறந்தார். இடது குழலின் வாயில் தோட்டாவின் பித்தளை விளிம்பு பளபளத்தது. வீடு திரும்பும்வரை பெரியப்பா பேசவில்லை.

அவர் பொய் சொல்லவில்லை, அலட்சியமான மனிதரும் இல்லை. எடுத்து வைத்ததாக அவருக்கு உண்மையாகவே நினைவிருந்தது. துப்பாக்கி விபத்துகள் பல, ‘காலி’ என்று ஒருவர் மனமார நம்பிய துப்பாக்கியிலிருந்தே பிறக்கின்றன. துப்பாக்கி சுடும் பயிற்சி மையம் என்றதும் குறி தவறாமல் சுடக் கற்றுத்தரும் இடம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நானும் அப்படி நினைத்துத்தான் பல ஆண்டுகள் கழித்துச் சேலத்தில் ஒரு சுடுதளத்தில் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. திறப்பது, பார்ப்பது, விரலால் தடவிப் பார்ப்பது, கீழே வைப்பது, மீண்டும் எடுத்துத் திறப்பது என்று இரண்டு மணி நேரம் ஓடியது. நினைவை நம்பாதே, ஒவ்வொரு முறையும் கண்ணாலும் விரலாலும் சோதி என்பதை மூளைக்கு அல்ல, கைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை அது என்பது பிறகுதான் புரிந்தது.

இந்தச் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையின் காரணம் இயந்திரத்துக்குள் இருக்கிறது. விசையை இழுத்தால் சுருள்வில்லின் ஆற்றல் விடுபட்டு, ஊசி போன்ற ஒரு முனை தோட்டாவின் அடிப்பகுதியைத் தட்டுகிறது. அங்குள்ள தீப்பொறி மருந்து தட்டிய அதிர்ச்சியில் பற்றி, உறைக்குள் இருக்கும் வெடிமருந்தைக் கொளுத்துகிறது. அது நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்தில் வாயுவாகி, குண்டைக் குழல் வழியே தள்ளுகிறது. இதற்குத் தோட்டா இருக்க வேண்டிய இடம் குழலின் பின்முனையில் உள்ள அறை. மேகசின் அந்த அறைக்குத் தோட்டா ஊட்டும் பெட்டி மட்டுமே. மேகசினைக் கழற்றினாலும் அறையில் ஒரு தோட்டா மிஞ்சியிருக்கலாம். வரிசையை மாற்றி, மேகசின் உள்ளே இருக்கும்போதே போல்ட்டை, அதாவது அறையைப் பின்னாலிருந்து மூடும் உலோகத் தண்டைப் பின்னிழுத்துவிட்டு அப்புறம் மேகசினைக் கழற்றினால், அறையிலிருந்த தோட்டா வெளியே விழும், ஆனால் போல்ட் முன்னே போகும்போது அடுத்த தோட்டா உள்ளே ஏறிவிடும். தரையில் விழுந்த தோட்டாவைப் பார்த்தவருக்கோ வேலை முடிந்ததாகவே தோன்றும். கண்ணெதிரே கிடக்கும் பொருளே சாட்சியாக நின்று ஏமாற்றுகிற இடம் இது. அதனால்தான் மேகசின் முதலில், போல்ட் பிறகு, கடைசியில் சுண்டுவிரலால் அறையைத் தடவுவது என்று நூறு முறை செய்யவைக்கிறார்கள். என்.சி.சி. முகாமில் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலக் குழல்) துப்பாக்கி சுட்டவர்களுக்கு இதில் பாதி நினைவிருக்கும்.

இயந்திரத்தைவிடச் சிக்கலானது மனிதக் கை. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பேருந்தில் நின்றுகொண்டே பயணம் செய்தவர்கள் இதை அறிவார்கள்: கொண்டை ஊசி வளைவில் வண்டி திரும்பும்போது கம்பியைப் பற்றிய வலக்கை இறுகுகிறது, அதே நொடியில் இடக்கையிலிருந்த தண்ணீர் பாட்டிலும் நசுங்கி, நீர் சட்டையில் தெறிக்கிறது. இடக்கையை யாரும் இறுக்கச் சொல்லவில்லை. ஒரு கையின் தசைகள் வலுவாகச் சுருங்கும்போது மறு கையும் கூடவே சுருங்குவது நரம்பு மண்டலத்தின் இயல்பு. அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ரோஜர் எனோக்கா, எண்ணாமல் துப்பாக்கி வெடிப்பதற்கான உடல் காரணங்களாக மூன்றைக் குறிப்பிட்டார். மறுகையின் இறுக்கம் ஒன்று; கால் தடுமாறும்போது உடல் எதையாவது பற்ற முயல்வது மற்றொன்று; திடீர்ச் சத்தத்தில் திடுக்கிடுவது மூன்றாவது. மூன்றிலும் விரல்கள் உள்நோக்கி மடங்குகின்றன. மூன்றும் நம் விருப்பத்தைக் கேட்டு நடப்பவை அல்ல. போட்டிக்குரிய காற்றுக் கைத்துப்பாக்கியின் விசைக்கு 500 கிராம் இழுவிசை போதும். சாதாரணக் கைத்துப்பாக்கிக்கு இரண்டு முதல் ஐந்து கிலோ வேண்டியிருக்கலாம். தடுமாறுகிற கை அதை எளிதில் தாண்டிவிடும்.

ஆகவே, “கவனமாக இரு” என்ற அறிவுரைக்கு இங்கே பெரிய பயன் இல்லை. திடுக்கிடும் நொடியில் கவனம் வேலைக்கு வருவதற்குள் விரல் வேலையை முடித்துவிடும். அந்த விரல் விசை வளையத்துக்கு வெளியே, உலோகச் சட்டத்தின்மேல் நேராக நீட்டிய நிலையில் இருந்தால், எவ்வளவு இறுகினாலும் அது அழுத்துவது சட்டத்தைத்தான். பயிற்சியாளர் என் பின்னால் வந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சட்டென்று கீழே தள்ளி இதைச் சோதித்தார். தூக்கிவாரிப் போட்டது. கையிலிருந்தது வெற்றுக் காற்றுத் துப்பாக்கி. விரல் எங்கே இருந்தது என்று நான் குனிந்து பார்த்தபோது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, வளையத்துக்குள் இருந்தது. அது ஆறாவது வகுப்பு.

இன்று உலகெங்கும் சொல்லப்படும் நான்கு விதிகளுக்கு வடிவம் கொடுத்தவர் ஜெஃப் கூப்பர். 1976-ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பொதுமக்களுக்கான துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் தோட்டா நிரம்பியதே. அழிக்க விரும்பாத எதன்மீதும் குழல் முனை பட வேண்டாம். குறி பார்க்கும் வரை விரல் விசைக்கு வெளியே. இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். படிக்கும்போது ஒன்றையே நான்கு விதமாகச் சொல்வதுபோல் தோன்றும் இவற்றின் உண்மையான பயன், ஒன்று தவறினாலும் மற்றொன்று தாங்கும் என்பதில் இருக்கிறது. விரல் தவறி விசையை அழுத்தினாலும் முனை மண்மேட்டை நோக்கியிருந்தால் மண் சிதறும், அவ்வளவுதான். ஆள்மீது முனை திரும்பினாலும் விரல் வெளியே இருந்தால் எதுவும் நடக்காது. ஒருவர் காயப்படக் குறைந்தது இரண்டு விதிகள் ஒரே நேரத்தில் உடைய வேண்டும். விமானம், மருத்துவமனை போன்ற இடங்களின் விபத்துகளை ஆராய்ந்த பிரிட்டிஷ் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் 1990-களில் பரவலாக்கிய கருத்தும் இதுதான். ஒவ்வொரு தடுப்பிலும் ஓட்டை இருக்கும். ஓட்டைகள் எல்லாம் நேர்கோட்டில் வந்தால்தான் ஆபத்து உள்ளே நுழையும்.

முனை எங்கே நோக்குகிறது என்பது ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசப்படுகிறது என்பதைக் கணக்குப் போட்டால் தெரியும். பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கி (ஏர் ரைபிள்) போட்டியில் பத்து மதிப்பெண்ணுக்குரிய புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர். முக்கால் மீட்டர் நீளக் குழலின் முனை 0.04 மில்லிமீட்டர் விலகினாலே குண்டு அரை மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும்; அது தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. இதயத் துடிப்பே இங்கு எதிரி. இதே வடிவியலை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள்: ஒரு டிகிரி விலகினால் நூறு மீட்டரில் ஒன்றே முக்கால் மீட்டர் தள்ளிப் போகும். பக்கத்தில் நிற்பவரிடம் பேசத் திரும்புகிறவர் தொண்ணூறு டிகிரி திரும்புகிறார்.

காற்றுத் துப்பாக்கியின் குண்டு அரை கிராமுக்குச் சற்று மேல் எடையும், நொடிக்கு ஏறத்தாழ 170 மீட்டர் வேகமும் கொண்டது; அதன் ஆற்றல் ஏழரை ஜூல். ஒரு கிலோ கல்லை இடுப்புக்குச் சற்றுக் கீழிருந்து போடுவதற்குச் சமம். ஆனால் அந்த ஆற்றல் முழுதும் நாலரை மில்லிமீட்டர் வட்டத்தில் இறங்குவதால் கண்ணைப் பறிக்கும். பாயிண்ட் டூ டூ குண்டுக்கு இதைப்போல் பதினெட்டு மடங்கு ஆற்றல். அண்ணாந்து சுட்டால் ஒன்றரை கிலோமீட்டர் வரை போகக் கூடியது. அதனால்தான் சுடுதளத்தின் பின்னே மண்மேடு வேண்டும். மண்ணும் மணலும் துகள் துகளாக நகர்ந்து ஆற்றலைத் தின்றுவிடும். பாறை தின்னாது. சேர்வராயன் மலையின் சார்னோகைட் பாறையில் சாய்வாகப் படும் குண்டு, தட்டைக் கல் குளத்து நீரில் துள்ளுவதுபோல் துள்ளி, யாரும் கணிக்க முடியாத திசையில் போகும். கல்குவாரிப் பள்ளம் இயற்கையான சுடுதளம் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

சத்தம் பற்றியும் ஒரு சொல். தோட்டாத் துப்பாக்கிகளின் ஒலி 140 டெசிபலைத் தொடும், பெரியவற்றில் தாண்டும். உள்காதின் மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. காதடைப்பு இல்லாமல் சுடுவதை வீரமாகக் கருதுகிறவர்கள் ஐம்பது வயதில் “என்னங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா இன்னொரு பாடம். தீப்பொறி மருந்து தாமதமாகப் பற்றக்கூடும் என்பதால், முனையை மண்மேட்டை நோக்கியே வைத்துக் குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். வழக்கத்தைவிட மெலிந்த சத்தம் கேட்டால் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம்; அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஏற்காட்டுப் பனியில் பல ஆண்டுகள் பீரோவில் கிடந்த தோட்டாக்களுக்கு இரண்டும் நேரக்கூடும்.

இத்தனை நன்மை சொன்னபின் எதிர்ச் சாட்சியையும் வைக்க வேண்டும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேவிட் ஹெமன்வேயும் சக ஆய்வாளர்களும் 1995-ல் வெளியிட்ட ஆய்வில், முறையான பயிற்சி பெற்ற அமெரிக்கத் துப்பாக்கி உரிமையாளர்கள், பெறாதவர்களைவிட அதிகமாகத் துப்பாக்கியைத் தோட்டா நிரப்பி, பூட்டாமல் வீட்டில் வைத்திருந்தார்கள். பயிற்சி அவர்களைக் கெடுத்தது என்று இதற்குப் பொருளில்லை. துப்பாக்கியை உடனடிக் காவலாக நினைப்பவர்களே அங்கு அதிகம் பயிற்சிக்குப் போயிருக்கலாம். ஆனால் சுடுதளத்தில் பழகிய ஒழுங்கு தானாக வீட்டுக்குள் நடந்து வராது என்பது உறுதி. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், உரிமம் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று தர வேண்டும் என்கின்றன. அந்தப் பாடத்தில் பத்திரமாக வைப்பதும் எடுத்துச் செல்வதும் அடக்கம். நல்ல விதிதான். ஆனால் சான்றிதழை ஒரு நாளில் கொடுத்துவிடலாம், என் ஆள்காட்டி விரலுக்கு ஆறு வகுப்பு போதவில்லை.

மலைக் கிராமங்களில் இன்னும் ஒளித்துவைக்கப்படும் நாட்டுத் துப்பாக்கிகளின் கதை வேறு. வாய்வழியே கருமருந்தும் பால்ரஸ் குண்டும் இடிக்கப்படும் இவற்றில், மடக்கித் திறந்து பார்க்க ஓர் அறையே கிடையாது. நேற்று இடித்த மருந்து உள்ளே இருக்கிறதா என்பதைக் கண்ணால் காண வழியில்லை. குழலின் உலோகம் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று யாரும் சோதித்ததும் இல்லை. பயிற்சி மிக அதிகம் தேவைப்படுவது அங்கேதான், ஆனால் உரிமமில்லாத ஆயுதத்துடன் யார் பயிற்சி மையத்தின் வாசலுக்கு வருவார்கள்? காவல்துறை அவ்வப்போது ஊர் ஊராகச் சொல்லி, தாமாகவே ஒப்படைக்க வைப்பதுதான் இதற்கு நான் கண்ட ஒரே நடைமுறை வழி.

சேர நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓரமாக நின்று வேடிக்கை பாருங்கள். சுவரில் தொங்கும் பதக்கப் படங்களை விடுங்கள். சுடாத நேரத்தில் மேசையில் கிடக்கும் துப்பாக்கிகளின் அறை திறந்து, அதில் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கொடி செருகியிருக்கிறதா? இலக்கு அட்டையை மாற்ற ஒருவர் முன்னே போகும்போது மற்றவர்கள் துப்பாக்கியைத் தொடாமல் பின்னால் விலகி நிற்கிறார்களா? ‘ஸ்டாப்’ என்ற குரலைப் பயிற்சியாளர் மட்டுமல்லாமல் ஆபத்தைக் கண்ட எந்த மாணவரும் கொடுக்கலாம் என்று சொல்லித்தருகிறார்களா? வாசலில் கைகழுவும் தொட்டியும் சோப்பும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். குண்டு ஈயம், பல தோட்டாக்களின் தீப்பொறி மருந்திலும் ஈயம் உண்டு. அது கையில் ஒட்டிக்கொண்டு, இடைவேளையில் தின்னும் தட்டுவடையோடு வயிற்றுக்குள் போகும். எங்கள் சுடுதளத்தில் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் டீக்கடைக்கே போக முடியும்.