சிஆர்பி நார்மல், ஆனாலும் வயிறு எரிகிறது

"சிஆர்பி நார்மல்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்குக் குழாய் விட்டுப் பார்க்கணும்கிறாங்க?" பெரியம்மா லேப் ரிப்போர்ட்டை என் கையில் திணித்துக் கேட்டார். இரண்டு வருடமாக அவருக்கு மேல்வயிற்றில் எரிச்சல். நாலு இட்லி சாப்பிடுகிறவர், ஒன்றரை இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுவார். ரிப்போர்ட்டில், அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதமான சிஆர்பி லிட்டருக்கு 2 மில்லிகிராம்.

நியாயமான கேள்விதான். உடம்பில் அழற்சி இருந்தால் சிஆர்பி ஏறும் என்கிறார்கள். இப்படிப்பட்ட எரிச்சலுக்குச் சந்தேகிக்கும் இரைப்பை அழற்சி என்ற பெயரிலேயே அழற்சி இருக்கிறது. பிறகு ஏன் ரத்தத்தில் தெரியவில்லை?

சிஆர்பி எங்கே உண்டாகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவனத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டார்கள். நிமோனியாக் கிருமியின் 'சி' என்ற சர்க்கரைப் பொருளோடு அது வினைபுரிந்ததால் சி-ரியாக்டிவ் புரோட்டீன் என்று பெயர். இந்தப் புரதத்தைச் செய்வது பெரும்பாலும் கல்லீரல். அழற்சி நடக்கும் இடத்திலிருந்து இன்டர்லூக்கின்-6 என்ற தூதுப்பொருள் ரத்தத்தில் கலந்து, போதுமான அளவில் கல்லீரலை எட்டினால்தான் உற்பத்தி சூடுபிடிக்கும். அதாவது சிஆர்பி எண் புண்பட்ட இடத்தை நேரில் பார்த்துச் சொல்வதல்ல. கல்லீரலுக்கு எட்டிய சேதி எவ்வளவு என்பதைத்தான் சொல்கிறது.

நிமோனியா என்பது வைக்கோல் போர் பற்றி எரிவது மாதிரி. பக்கத்து ஊரிலிருந்தே தெரியும். சிஆர்பி நூறைத் தாண்டிப் போகும். நாள்பட்ட இரைப்பை அழற்சி உமிக்குள் கனியும் நெருப்பு. ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி சளிப்படலத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். இரைப்பைச் சவ்வின் செல்கள் இன்டர்லூக்கின்-8ஐச் சுரந்து வெள்ளையணுக்களை அங்கேயே வரவழைக்கும். சண்டை முழுக்க ஒரு மில்லிமீட்டர் அளவு தடிமனுள்ள சவ்வுக்குள் நடக்கிறது. கல்லீரலுக்குப் போகும் சேதி சொற்பம். கிருமி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் கூட்டமாக ஒப்பிட்டால் சிஆர்பியில் சிறு வித்தியாசம் தென்படலாம். ஆனால் உடல் பருமன், புகைபிடித்தல், ஈறு வீக்கம் ஆகியவையும் அதே அளவுக்கு அதை ஏற்றும். ஒருவருடைய ரிப்போர்ட்டை மட்டும் வைத்து வயிற்றைக் கணிக்க அது போதாது.

சரி, அழற்சிக்குப் பார்க்கும் இன்னொரு ரத்தச் சோதனையான இஎஸ்ஆர்? பெரியம்மாவுக்கு அது 48 இருந்தது. லேபில் இதைச் செய்யும்போது ஒருமுறை நின்று பாருங்கள். 200 மில்லிமீட்டர் வரை கோடு போட்ட மெல்லிய குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஆடாமல் அசையாமல் நட்டமாக நிறுத்துவார்கள். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்க, மேலே வெளிர்மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் அந்த எண். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளி நிற்கும். அழற்சியில் ஃபைப்ரினோஜன் என்ற ரத்தப் புரதம் கூடினால் அந்த விலகல் குறைந்து, சில்லறைக் காசை அடுக்கியது போல ஒட்டிக்கொண்டு வேகமாக இறங்கும். இங்கேதான் ஒரு சிக்கல். சிவப்பணு குறைந்தாலும் வேகமாக இறங்கும். வயது ஏறினாலும் எண் கூடும். பெரியம்மாவின் ஹீமோகுளோபின் 9.4. அப்படியென்றால் அந்த 48இல் அழற்சிக்கு எவ்வளவு, ரத்தசோகைக்கு எவ்வளவு?

எனக்கு அந்த ரிப்போர்ட்டில் கவலை தந்தது 9.4தான். உணவிலிருக்கும் இரும்பு கரைய அமிலம் வேண்டும். நாள்பட்ட அழற்சியில் அமிலம் குறைந்துபோனால் எத்தனை கட்டு கீரை சாப்பிட்டாலும் இரும்பு சரியாக ஏறாது. அமிலம் சுரக்கும் அதே செல்கள்தான் பி12 வைட்டமினை உடம்பு எடுத்துக்கொள்ளத் தேவையான புரதத்தையும் தருகின்றன. நோயெதிர்ப்பு மண்டலமே அந்தச் செல்களைத் தாக்கும் வகை அழற்சியில் பி12 குறைந்து, கை கால் மரத்துப்போவது வரை போகலாம்.

இரைப்பையே ரத்தத்தில் விட்டுச்செல்லும் தடயமும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. புரதத்தைச் செரிக்கும் பெப்சினின் முன்வடிவம் பெப்சினோஜன். பெரும்பகுதி இரைப்பைக்குள் போனாலும், சுமார் நூற்றில் ஒரு பங்கு ரத்தத்தில் கசியும். இதில் இரண்டு வகை. முதல் வகை இரைப்பையின் மேல், நடுப்பகுதிச் சுரப்பிகளில் மட்டும் உண்டாவது. இரண்டாம் வகை இரைப்பை முழுக்கவும், சிறுகுடலின் தொடக்கத்திலும் உண்டாவது. சவ்வு வீங்கியிருக்கும்போது இரண்டுமே கூடும், இரண்டாம் வகை அதிகமாகக் கூடும். வருடக்கணக்கில் அழற்சி நீடித்துச் சுரப்பிகள் தேய்ந்து போனால் முதல் வகை விழுந்துவிடும், இரண்டாவது நிற்கும். ஆகவே முதல் வகையை இரண்டாம் வகையால் வகுத்துப் பார்க்கிறார்கள். ஜப்பானில் முதல் வகை மில்லிலிட்டருக்கு 70 நானோகிராமும் அதற்குக் கீழும், விகிதம் 3உம் அதற்குக் கீழும் என்றால் சவ்வு தேய்ந்திருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபிக்கு அனுப்புவார்கள். தேய்ந்த சவ்வில்தான் புற்றுநோய் ஆபத்து கூடுகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: பான்டோபிரசோல், ஒமிபிரசோல் போன்ற அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் பெப்சினோஜனை ஏற்றிக் காட்டும். சோதனைக்கு முன் டாக்டரிடம் மாத்திரையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள்.

பெரியம்மா கடைசியில் குழாய்க்குச் சம்மதித்தார். இரைப்பையில் ஐந்து இடங்களில் கடுகளவு சதை எடுத்தார்கள். நாள்பட்ட அழற்சி, கூடவே ஹெலிகோபாக்டர். இரண்டு வாரம் மாத்திரை, அப்புறம் இரும்புச்சத்து. மருந்து முடிந்து ஆறு வாரம் கழித்து மூச்சுச் சோதனையில் கிருமி இல்லை. மூன்றாவது மாதம் ஹீமோகுளோபின் 11.8. அந்த ரிப்போர்ட்டிலும் சிஆர்பி 2தான்.