இணைப்புப் பகிர்வு: பங்கீடும் அன்று, பகிரலையும் அன்று

கோத்தகிரியிலும் குன்னூரிலும் வீடுகளுக்கு இணையம் தருவோர் அச்சடிக்கும் துண்டறிக்கைகளில் ‘இணையப் பங்கீட்டு வசதி உண்டு’ என்னும் வரியை அடிக்கடி பார்க்க நேர்கிறது. வீட்டுக்கு வரும் ஒரே இணைப்பை இரண்டு கணினிகளில் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே அவர்கள் சொல்லவரும் செய்தி. செய்தி எளியது, அதற்குத் தேடிப்பிடித்த சொல்தான் பிழை.

ஆங்கிலத்தில் இதனை இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்பர். 1999இல் வெளிவந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பில் இவ்வசதி இதே பெயரில் இருந்தது. ஷேர் என்பது வெட்டுதல், பிரித்தல் என்னும் பொருள்கொண்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. நம்முடைய பகிர்தலும் பகு என்னும் அடியோடு உறவுடையது. வேர்ப்பொருளில் இரண்டுக்கும் பகையில்லை.

பங்கீடு வேறு. பங்கு இடுவது பங்கீடு. இடுவதற்கு ஒருவர் வேண்டும், அளவு வேண்டும், பெறுவோருக்கு அதைக் கேட்கும் உரிமையும் வேண்டும். ரேஷன் கடையில் அட்டைக்கு இத்தனை கிலோ அரிசி என்று நிறுத்துத் தருவது பங்கீடு. மாயாற்றிலும் பவானியிலும் இறங்கும் நீலகிரி மழைநீர் போய்ச் சேரும் காவிரியின் நீரைப் பற்றி, கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி விடவேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்ததும் பங்கீடு. இத்தகைய சொல்லை வீட்டு இணையத்தின்மேல் ஏற்றினால், 40 எம்பி வேகத் திட்டத்தில் ஆளுக்கு 20 என்று வெட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்றே வாடிக்கையாளர் எண்ணுவார்.

நடப்பதோ அதுவன்று. இணைய நிறுவனம் வீட்டுக்குத் தருவது பெரும்பாலும் ஒரே பொது முகவரி, அதாவது இணையத்தில் அவ்வீட்டு இணைப்பை அடையாளங்காட்டும் ஐபி எண். வீட்டுக்குள் இருக்கும் கணினிகளுக்கு ரௌட்டர், அதாவது திசைவி, தனிமுகவரிகளை அளிக்கிறது, அவற்றுள் 192.168 என்று தொடங்குபவற்றை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவ்வகை முகவரிகள் தனிப் பிணையங்களுக்கென்றே (நெட்வொர்க்) ஒதுக்கப்பட்டவை. எந்தக் கணினியிலிருந்து வேண்டுகோள் புறப்பட்டது என்பதைத் திசைவி தன் அட்டவணையில் குறித்துக்கொண்டு, அதன் முகவரியைப் பொது முகவரியாக மாற்றி வெளியே அனுப்புகிறது. மறுமொழி வந்ததும் அட்டவணையைப் பார்த்து உரிய கணினியிடம் சேர்க்கிறது. திசைவி வீட்டுக்கு வராத காலத்தில் இந்த வேலையை முதற்கணினியே செய்தது. அதனை அணைத்தால் இரண்டாவதற்கும் இணையம் போய்விடும். எவ்வழியாயினும் பொதுவாக இங்கே யாரும் அளந்து வைப்பதில்லை. ஒரு கணினி சும்மா இருக்கும்போது மற்றது முழு வேகத்தையும் எடுத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் இழுத்தால் இரண்டும் தளரும். திசைவியின் அமைப்புக்குள் புகுந்து, இந்தக் கணினிக்கு இவ்வளவுக்குமேல் கூடாது என்று ஒருவர் வரம்பு வைத்தால், அதனைப் பங்கீடு என்று தாராளமாகச் சொல்லலாம். அதற்கென்று அச்சொல்லை விட்டுவைப்பதே முறை.

அடுத்து, பகிரலை. வைஃபைக்கு அருகலை, பிராட்பேண்டுக்கு ஆலலை என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த பட்டியலில் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்த பெயர் இது. தனித்தமிழ் ஆர்வத்தை நான் பழிக்கவில்லை; எனக்கும் அது உண்டு. ஆனால் ‘பகிரலைத் தடுக்கவும்’ என்று திரையில் கண்டால் அதனைப் பகிர் அலை என்று பிரிப்பதா, பகிரல் என்பதோடு இரண்டாம் வேற்றுமை உருபு சேர்ந்தது என்று கொள்வதா? சொல்லை ஆக்கியவர் அதனை ஒரு வாக்கியத்துக்குள் வைத்துப் பார்த்திருந்தால் இந்தச் சிக்கல் அன்றே தெரிந்திருக்கும். மேலும், இரண்டு கணினிகளைத் திசைவியோடு கம்பியால் இணைத்திருக்கும் வீட்டில் அலைக்கு என்ன வேலை? தனிச்சொற்களின் பட்டியலாகவே கலைச்சொல் ஆக்கும் பழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. வேற்றுமை உருபு ஏறியும் வினையாக மாறியும் அச்சொல் நிற்குமா என்று சோதிப்பவர் அரிது.

இனி ‘இணையப் பகிர்வு’ என்பதையும் சிலர் எழுதுகின்றனர். பங்கீட்டைவிட இது மேல்; ஆயினும் பகிர்வது இணையத்தையன்று, அதற்குச் செல்லும் இணைப்பை. தவிரவும், படத்தையும் செய்தியையும் பிறருக்கு அனுப்புவதற்குப் பகிர்தல் என்னும் சொல் நிலைபெற்றுவிட்டதால், இணையப் பகிர்வு என்றதும் இணையத்தில் எதையோ பகிர்வதாகவே பொருள்படுகிறது. ஆகவே இணைப்புப் பகிர்வு என்பதே சரி. மின்னஞ்சலோடு வரும் கோப்பையும் இணைப்பு என்கிறோமே, குழப்பம் வராதா என்று கேட்பர். மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு, எரிவாயு இணைப்பு என்று வீட்டுக்கு வந்துசேரும் வசதிகளுக்கெல்லாம் வழங்கும் சொல்லை அஞ்சல் கோப்புக்காக விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கோப்பை உடனிணைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம்.

திரையில் பொத்தானுக்கு ‘இணைப்பைப் பகிர்’ என்பது போதும். ‘இணைப்பானது பகிரப்படுதலைச் செயல்படுத்துக’ என்று நீட்டுவோருக்குப் பொத்தானில் இடமும் போதாது.