'விலகினேன்' என்று எழுதினால் விலகியாயிற்று: எலிஃபன்டைன் பத்திரங்களின் இலக்கணம்

எகிப்தில் அஸ்வானுக்கு எதிரே, நைல் நதியில் உள்ள எலிஃபன்டைன் தீவில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் பாரசீக அரசின் யூதக் காவற்படை குடியிருந்தது. அவர்கள் அரமேயிக் மொழியில் பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய பத்திரங்கள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் உள்ளன: தேதி, 'இன்னார் இன்னாரிடம் சொன்னது' என்ற தொடக்கம், பிறகு தன்மை இடத்தில் ('நான்' என்று) அவரது பேச்சு, முடிவில் எழுத்தர் பெயரும் சாட்சிகளும்.

கி.மு. 464இல் தர்கமானா என்ற குவாரஸ்மியர் (மத்திய ஆசியாவின் குவாரஸ்மியாவைச் சேர்ந்தவர்), எலிஃபன்டைன் யூதரான மஹ்சேயாவுடனான நிலத் தகராறை முடித்துக்கொள்கிறார். நீ சத்தியம் செய்தாய், என் மனம் நிறையச் செய்தாய், இன்று முதல் என்றென்றைக்கும் இந்நிலத்திலிருந்து விலகினேன் என்பது சாரம். மூன்று வினைகளும் ஒரே இறந்தகால வடிவம். ஆனால் முதலிரண்டும் நடந்ததைச் சொல்கின்றன. மூன்றாவது அந்தக் கணத்தில் காரியத்தையே செய்கிறது. இதையும் பழைய செய்தியாகப் படித்தால், விலகலுக்கு வேறொரு முந்தைய பத்திரம் இருந்திருக்க வேண்டும் என்று வீணாகத் தேட நேரும்.

எப்படிப் பிரித்தறிவது? எழுவாய் 'நான்', கேட்பவர் 'நீ', வினையோ கொடுத்தல், விலகல், விடுவித்தல் போன்றது. இவற்றைவிட உறுதியான தடயம் 'இன்று முதல்'. முன்பே முடிந்த செயலுக்கு அது பொருந்தாது. சோழர் கல்வெட்டுகளின் 'விற்றுக் குடுத்தோம்' பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

தர்கமானாவின் பத்திரத்தில் அடுத்து வரும் கடமைகளுக்கு வினை எதிர்கால வடிவுக்கு மாறுகிறது: வழக்குத் தொடர எனக்கு இயலாது, தொடர்ந்தால் 20 கர்ஷ் வெள்ளி தருவேன். (கர்ஷ், ஷெக்கல் இரண்டும் வெள்ளியை நிறுக்கும் எடைகள்; 1 கர்ஷ் 10 ஷெக்கல்.)

கல்யாண ஒப்பந்தத்திலோ மையவாக்கியத்துக்கு வினையே கிடையாது. கி.மு. 449இல் அனனியா, அடிமைப்பெண் தாமேத்தை அவளுடைய எசமானர் மெஷுல்லாமிடம் கேட்டு மணக்கிறார்: 'அவள் என் மனைவி, நான் அவள் கணவன், இன்று முதல் என்றென்றைக்கும்.' பிரிவுக்கான வசனமும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவர் சபையில் எழுந்து 'என் மனைவி தாமேத்தை வெறுத்தேன்' என்று சொன்னால், 'வெறுப்பின் வெள்ளி', அதாவது பிரிவுக்கான தொகை, அவர் தலைமேல். அவள் சொன்னாலும் அப்படியே. மனதுக்குள் வெறுப்பது கணக்கில் இல்லை. சபையில் சொல்ல வேண்டும்.

கி.மு. 427இல் அதே மெஷுல்லாம் தாமேத்தையும் மகள் யெஹோயிஷ்மாவையும் விடுவிக்கிறார். 'விடுவித்தேன்' என்பது அதே இறந்தகாலம்தான். ஆனால் பக்கத்திலேயே 'என் சாவின்போது' என்று இருக்கிறது. சொல் அன்றே அவரைக் கட்டுப்படுத்திவிட்டது, பலன் தள்ளிப்போனது. அதுவரை உமக்கு ஊழியம் செய்வோம் என்று அவர்கள் எதிர்கால வடிவில் ஒப்புக்கொள்கிறார்கள். மறுத்தால் 50 கர்ஷ்.