உம்மென்று உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால்

லேசர் பாயிண்டரைப் பற்றித்தான் அவர் முதலில் பேசினார். ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறார், பதினோரு வருட அனுபவம். மாதாந்திர ரிவ்யூவில் ரிஜெக்ஷன் கணக்கை, அதாவது தரமில்லை என்று ஒதுக்கிய பாகங்களின் எண்ணிக்கையைக் காட்டும்போது திரையில் அந்தச் சிவப்புப் புள்ளி ஆடு ஆடென்று ஆடியிருக்கிறது. "கை நடுங்கறது எனக்கு மட்டும் தெரிஞ்சா பரவாயில்லை மேடம். அது சுவர் அளவுக்குப் பெரிசாகி எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு."

மனநல ஆலோசகராக இருக்கிறேன். (யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மேலதிகாரிகள் முன்னால் பேசப் பயம் என்ற இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் வேலையில் கெட்டிக்காரர்கள். இவரும் ஷிஃப்ட் தொடங்கும்போது நாற்பது பேருக்கு முன்னால் கணீரென்று பேசுகிறவர்தான். பிளான்ட் ஹெட்டும் தலைமை அலுவலகத்து ஆட்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்தால் மட்டும் வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொள்கிறது, விரல் நுனி சில்லிடுகிறது. எல்லாம் பயத்தில் சுரக்கிற அட்ரினலின் செய்கிற வேலை, நோய் இல்லை.

சரி, அவர்கள் முன்னால் மட்டும் ஏன்? ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1993இல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். வேலைக்கு விண்ணப்பித்தவர்போல ஒருவர் ஐந்து நிமிடம் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அப்புறம் 1022இலிருந்து பதிமூன்று பதிமூன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். தப்பினால் மறுபடி முதலிலிருந்து. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது என்பது ஏற்பாடு. இது போதும், எச்சிலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு எகிறிவிடும். மனிதருக்கு மன அழுத்தத்தை வரவழைத்து ஆராய நினைக்கிறவர்கள் இன்றும் பல நாடுகளில் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

நம் ரிவ்யூ மீட்டிங் ஏறக்குறைய இதேதான். ஒருவர் செல்போனில் மெயில் பார்க்கிறார், இன்னொருவர் உம்மென்று திரையையே பார்க்கிறார். கல்லூரி வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் நின்ற பழக்கம் நமக்கு விட்டுப்போகவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் ஃபெயில் என்று முடிவு கட்டிவிடுகிறோம். உண்மையில் அவர் மண்டைக்குள் என்ன ஓடுகிறதோ! அடுத்து வரப்போகிற மூன்று பிரசன்டேஷனாக இருக்கலாம், மதியம் வரவேண்டிய சரக்காக இருக்கலாம். அந்த முகத்தைப் படிக்கப் போய்த்தான் பேச வந்ததை மறக்கிறோம்.

இன்னொரு விஷயம், நம் நடுக்கம் நாம் நினைக்கிற அளவுக்கு வெளியே தெரிவதில்லை. 2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வில், பேசப்போகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இதை முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள். அப்படிச் சொன்னது கேட்டவர்களும்தான். நான் செல்போனில் பதிவு செய்து பார்க்கச் சொல்வேன். இவர் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். லேசர் மட்டும் காட்டிக்கொடுத்துவிடும். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு மவுஸால் காட்டச் சொன்னேன். கையில் ஒற்றைத் தாள் வேண்டாம், படபடக்கும். தண்ணீர் டம்ளருக்குப் பதில் பாட்டில்.

ஆனால் அவரைக் கவிழ்த்தது கை இல்லை, மனப்பாடம். பன்னிரண்டு ஸ்லைடையும் வரிவரியாக உருப்போட்டிருந்தார். இரண்டாவது ஸ்லைடிலேயே பிளான்ட் ஹெட், "இதெல்லாம் தெரியும், ஏழுக்குப் போங்க" என்றார். அவ்வளவுதான், எல்லாம் மறந்துபோயிற்று. உயரத்தில் இருப்பவர்கள் வரிசையாகக் கேட்பதில்லை. அவர்களுக்கு முடிவு முதலில் வேண்டும்: ரிஜெக்ஷன் எவ்வளவு ஏறியிருக்கிறது, காரணம் மோல்டா (பாகத்தை வார்க்கும் அச்சு) மெட்டீரியலா, சரிசெய்ய லைனை எத்தனை நாள் நிறுத்த வேண்டும். இதை முதல் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும். உருப்போடுவதென்றால் முதல் இரண்டு வாக்கியம் போதும். மற்றபடி ஒத்திகையில் குறுக்கே கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும். இவர் வீட்டில் மனைவி அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். ரொம்ப ரசித்துச் செய்தாராம். பதில் தெரியாத கேள்விக்கு, "பார்த்துட்டு மதியத்துக்குள்ள அனுப்பறேன் சார்" என்பதே பதில். மதியத்துக்குள் அனுப்பியும்விட வேண்டும்.

வெளியே காத்திருக்கும்போது மூச்சு. உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும்; மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே தணியும். பெருமூச்சாக வேகவேகமாக இழுத்தால் தலைதான் சுற்றும். கேன்டீன் காபி இரண்டு டம்ளர் உள்ளே போயிருந்தால் படபடப்பில் எது காபி, எது பயம் என்று உங்களுக்கே தெரியாது. இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் வீரமாக நிற்கச் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடுங்கள். அப்படி நின்றால் துணிச்சல் கூடும் என்று 2010இல் ஆய்வு எழுதிய மூவரில் ஒருவரே, அதில் தனக்கு இப்போது நம்பிக்கை இல்லை என்று 2016இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

இதை எழுத உட்கார்ந்ததே மாத்திரைக்காகத்தான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், பக்கத்து சீட்டுத் தோழி கொடுத்த புரோப்ரானலால் அரை அட்டையைக் காட்டினார். "மீட்டிங்குக்கு முன்னாடி ஒண்ணு போட்டா கை நடுங்காதாம்." உண்மைதான், நடுங்காது. அட்ரினலின் இதயத்திலும் தசையிலும் வேலை செய்வதைத் தடுக்கிற மருந்து அது. அதனால்தான் வில்வித்தை, துப்பாக்கி சுடும் போட்டிகளில் தடை செய்திருக்கிறார்கள். அட்டையை எடுத்த அதே கைப்பையில் இன்ஹேலரும் இருந்தது. சின்ன வயதிலிருந்தே வீசிங். இந்த மாத்திரை மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடக்கூடும், ஆஸ்துமாக்காரருக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வருகிற படபடப்பையும் மறைத்துவிடும். மருத்துவர் நாடி, பிரஷர் பார்த்து, பழைய நோயெல்லாம் விசாரித்து எழுதிக் கொடுத்தால் அது வேறு. தோழி கொடுத்தாள் என்று போடாதீர்கள்.

பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பது, மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தூக்கம் போவது, அன்றைக்கு லீவு போடுவது என்று போனால் மூச்சுப் பயிற்சி போதாது. நேரில் வாருங்கள், அல்லது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

தரக் கட்டுப்பாட்டுக்காரர் அடுத்த ரிவ்யூ முடிந்து வந்தார். இந்தத் தடவை முதல் ஸ்லைடிலேயே குறுக்கே கேட்டுவிட்டார்களாம். கை நடுங்கியதா என்றேன்.

"நடுங்குச்சு மேடம். மோல்டு எப்ப மாத்துவீங்கன்னு கேட்டாங்க, அதைச் சொல்லிட்டிருந்தேன். அப்புறம் கையைப் பார்க்கலை."

லைனை நிறுத்த இரண்டு நாள் கேட்டதற்கு ஒன்றரை நாள்தான் கிடைத்ததாம். அதைத்தான் அன்று ரொம்ப நேரம் புலம்பிக்கொண்டிருந்தார்.