எண்ணெய்க் கசிவு இழப்பீடு: கெடு 6 வருடம், குழந்தையின் உடம்புக்கு அது போதுமா?

டேங்கர் கப்பல் விபத்துக்குள்ளாகி எண்ணெய் கரை ஒதுங்கினால் இழப்பீடு கேட்க ஒரு சர்வதேச ஏற்பாடு இருக்கிறது. வலை நாசமானது, மீன்பிடி நின்றது, விடுதிக்கு ஆள் வரவில்லை, இதற்கெல்லாம் கேட்கலாம் என்று பலருக்குத் தெரியும். ஆனால் உடம்புக்குக் கேட்கலாமா? அதுவும் அந்தக் கரையில் வாழ்ந்த கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பல வருடம் கழித்துத் தெரியவரும் பாதிப்புக்கு? இதைப் பற்றி யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் விதி. 1967-இல் டோரி கேன்யன் என்ற டேங்கர் இங்கிலாந்தின் தென்மேற்கே பாறையில் மோதியது, அதன் பிறகு உருவான ஏற்பாடு இது. இன்று நடப்பில் இருப்பவை 1992-இல் திருத்தப்பட்ட இரண்டு உடன்படிக்கைகள். முதலாவதின்படி கப்பல் உரிமையாளர் பணம் தர வேண்டும், அவர் பக்கம் தவறு இருந்தது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை (போர் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு). அது போதாவிட்டால் லண்டனில் இருக்கும் இழப்பீட்டு நிதி மீதியைத் தரும். கடல்வழியாக வருடத்துக்கு 1,50,000 டன்னுக்கு மேல் எண்ணெய் பெறும் நிறுவனங்கள்தான் அதற்குப் பணம் கட்டுகின்றன. உரிமையாளர் தருவதையும் சேர்த்து ஒரு விபத்துக்கு உச்சவரம்பு 20.3 கோடி எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. துணை நிதியிலும் சேர்ந்திருக்கும் நாடுகளில் மொத்தம் 75 கோடி எஸ்டிஆர் வரை போகும். இதெல்லாம் இந்த உடன்படிக்கைகளில் சேர்ந்த நாடுகளுக்குத்தான் பொருந்தும்.

சரி, உடம்பு எங்கே வருகிறது? உடன்படிக்கையில் 'மாசு சேதம்' என்பதற்குத் தரும் விளக்கம், எண்ணெய் பட்டதால் கப்பலுக்கு வெளியே ஏற்படும் இழப்பு அல்லது சேதம் என்பதுதான். நோய் என்றோ உயிரிழப்பு என்றோ ஒரு சொல் கிடையாது. அபாயகரமான ரசாயனச் சரக்குக்கென 1996-இல் எழுதிய உடன்படிக்கையில் உயிரிழப்பு, உடல்காயம் இரண்டையும் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். இங்கே அது இல்லை. மருத்துவச் செலவு கேட்பவர் எண்ணெய்க்கும் நோய்க்கும் உள்ள தொடர்பைத் தானே காட்ட வேண்டியிருக்கிறது.

அந்தத் தொடர்பு ஏன் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் கூடுதல் முக்கியம் என்றால், எண்ணெய் இரண்டு விதமாகத் தாக்குகிறது. எண்ணெயிலுள்ள பென்சீன் போன்ற ரசாயனங்கள் முதல் சில நாளிலேயே ஆவியாகி மூச்சில் ஏறிவிடும். பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். இன்னொரு வகை, பல வளைய ஹைட்ரோகார்பன்கள். இவை சேற்றிலும் சிப்பியிலும் வருடக்கணக்கில் தங்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்கும் போகும். குழந்தை தன் எடைக்கு ஒப்பிட்டால் பெரியவர்களைவிட அதிகக் காற்றை இழுக்கிறது, தரையில் தவழ்கிறது, கையை வாயில் வைக்கிறது. சுத்தம் செய்யப் போனவர் பெயர் கூலிப் பட்டியலில் இருக்கும். அவர் சட்டையைத் துவைத்தவளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது, இது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

2007 டிசம்பரில் ஹெபெய் ஸ்பிரிட் கப்பலிலிருந்து ஏறக்குறைய 10,900 டன் கச்சா எண்ணெய் தென்கொரியாவின் டேயான் கடலோரத்தில் கொட்டியது. பிறகு அங்கே நடந்த ஆய்வில், எண்ணெய் படிந்த கரைக்கு அருகில் வாழ்ந்த குழந்தைகளிடம் ஆஸ்துமா அதிகமாக இருந்தது தெரிந்தது. நைஜீரியாவைப் பற்றி 2019-இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கனமானது. ஒரே தாயின் குழந்தைகளை, கசிவுக்கு முன் கருவானவர், பின் கருவானவர் என்று ஒப்பிட்டார்கள். கருத்தரிக்கும் முன்பே பக்கத்தில் கசிவு நடந்திருந்தால், 1,000 பிறப்புக்கு 38 என்ற அளவில் முதல் மாத இறப்பு கூடியிருந்தது. அதாவது எண்ணெய் கொட்டியபோது கருவாகக்கூட இல்லாத குழந்தை.

இப்போது கெடுவைப் பாருங்கள். சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், எப்படியானாலும் விபத்து நடந்த நாளிலிருந்து 6 வருடம் தாண்டக்கூடாது. தாண்டினால் உரிமையே போய்விடும். உடன்படிக்கை வாசகத்தில் குழந்தைகளுக்கென்று தனிக் கணக்கு இல்லை. பலர் ஏமாறும் இடமும் இதுதான்: கிளெய்ம் படிவத்தை அனுப்பி, பதில் வரும் என்று காத்திருப்பார்கள். படிவம் கொடுத்ததால் கெடு நிற்காது. தீர்வு வராவிட்டால் கெடுவுக்குள் நீதிமன்றத்தில் வழக்கு இருக்க வேண்டும், அல்லது உரிமையாளர் மேல் போட்ட வழக்கைப் பற்றி நிதிக்கு முறைப்படி அறிவிப்புப் போயிருக்க வேண்டும்.

இன்னொன்று, இந்த ஏற்பாடு டேங்கரிலிருந்து வரும் எண்ணெய்க்கு மட்டும்தான். எண்ணெய்க் கிணறும் தரைக் குழாயும் இதில் வராது, ஆகவே மேலே சொன்ன நைஜீரியத் தாய்மாருக்கு இதில் ஒரு காசும் இல்லை. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் துளையிடும் மேடை விபத்திலும் எண்ணெய் கிணற்றிலிருந்துதான் வந்தது. அங்கே நீதிமன்றம் வழியாக வந்த மருத்துவ உடன்பாட்டில், தகுதி பெற்றவர்களுக்கு 21 வருடம் வரை அவ்வப்போது மருத்துவப் பரிசோதனை உண்டு. பின்னாளில் தெரியவரும் நோய்க்குத் தனியாக வழக்குப் போடவும் வழி வைத்தார்கள். ஆனால் அப்படிப் போட்டவற்றில் பெரும்பாலானவை, எண்ணெயால்தான் நோய் வந்தது என்று காட்ட முடியாமல் தள்ளுபடியாயின.

அதனால் காரணத்தைக் காட்டும் தாள்களை முதல் வாரத்திலேயே சேர்க்கத் தொடங்குங்கள். பென்சீன் உடம்பில் புகுந்ததற்கான அடையாளம் சிறுநீரில் ஓரிரு நாளில் மறைந்துவிடும், மாதம் கழித்துப் பரிசோதித்தால் ஒன்றும் கிடைக்காது. கசிந்த அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள், யார் எத்தனை மாத கர்ப்பம், யாருக்குத் தலைவலி, வாந்தி, மூச்சிரைப்பு வந்தது, எண்ணெய்த் துணியை யார் துவைத்தது, எந்தத் தேதி வரை அந்தக் கரையின் சிப்பியைச் சாப்பிட்டீர்கள், எல்லாவற்றையும் தேதியோடு எழுதுங்கள். மருத்துவரிடம் போனால் எண்ணெய் வாடையில் இருந்ததைச் சீட்டிலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். குடும்பத்துக்கு ஒரே படிவம் என்று கணவர் பெயரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், மனைவி பெயரும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் தனித்தனியாக இருக்கட்டும். முழு விவரம் கையில் இல்லையென்றாலும் கேட்கப்போகிறோம் என்று எழுத்தில் தெரிவித்துவிட்டு, மூன்றாம் வருடம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வழக்கறிஞரைப் பாருங்கள்.